நகம் வளரும் வரை

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் தலைமுடியைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். உன் வீட்டுக்காரிக்கு வயிற்றுத் தையல் பிரித்தாயிற்றா, குனிந்து நிமிர்கிறாளா என்று எழுது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சொல்லி வாயிலும் இரண்டு தையல் போட்டிருந்தால் உனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். இதை அவளுக்கும் படித்துக் காட்டு. பயந்துகொண்டு ஒளிக்காதே.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். படித்த தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உன் மகள் கடுகு உன்னையும் அவள் அம்மாவையும் கேட்டு இப்போது அழுவதில்லை. மாறாக என்னை அழவைக்கிறாள். நேற்று என் செருப்பைத் தண்ணீர்ப் பானைக்குள் படகு விட்டாள். உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்தவன் புத்திசாலி. இவளையும் அனுப்பியிருந்தால் அந்த ஊர் ஆஸ்பத்திரியே மூழ்கியிருக்கும்.

இனி செய்தி. ஊர் கேட்டில் காவல் போட்டிருப்பவர்கள் குழாயை வெட்டிவிட்ட பிறகு நம் ஆற்றோரப் பகுதிக்குக் குட்டைத் தண்ணீர்தான். மேட்டுப் பகுதிக்கு மட்டும் குழாய் வருகிறது. போன மாதம் சலவைக்காரர் மகன் காலையில் எழுந்து நிற்கப் போனான். ஒரு கால் நிற்கவில்லை, ஈரத்துணி மாதிரி தொங்கியது. நர்ஸம்மா பார்த்துவிட்டு இளம்பிள்ளை வாதம் என்றார். உடனே நீ வேலை பார்க்கும் நிவாரண ஆபீஸ் சொட்டு மருந்து அனுப்பிவிட்டது. பெட்டியில் உன் கையெழுத்தைப் பார்த்து, "என் தம்பி கட்டின பெட்டி" என்று தெருவெல்லாம் சொன்னேன். இப்போது எனக்குப் பெயர் சொட்டு மருந்து அக்கா. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வாயைத் திறக்கவைப்பது என் உத்தியோகம்.

ஒருத்தி கதவை இழுத்துச் சாத்தினாள். "இதைக் குடிச்சா பின்னால பிள்ளையே பொறக்காதாமே அக்கா."

"உனக்கு ஆறு பொறந்திருக்கு. சின்ன வயசுல உனக்கு ரெண்டு சொட்டு விட்டிருந்தா தெருவுல நடக்க எடம் இருந்திருக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே திறந்தாள்.

மருந்து குடித்த பிள்ளைக்கு இடது கைச் சுண்டுவிரல் நகத்தில் ஊதா மை வைக்கிறோம். யார் குடித்தது, யார் பாக்கி என்று அதில்தான் தெரியும். தோலில் பட்டது ஒரு வாரத்தில் போய்விடும், நகத்தில் பட்டது நகம் வளர்ந்து வெளியே வந்தால்தான் போகும் என்றார் நர்ஸம்மா. நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, நகம் முழுக்க இழுத்துவிடுகிறேன். மற்ற அம்மாக்கள் பயப்படக் கூடாது என்று முதல் விரல் நம் கடுகு விரல்தான். மகாராணி மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறாள்.

அடுத்த மாதம் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்க்க பஸ் விடப்போகிறார்கள் என்று கேள்வி. அனுமதிச் சீட்டு வாங்கு. அனுப்பிவைக்கிறேன்.

உன் அன்பு அக்கா

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன். தையல் பிரித்துவிட்டார்கள், அவள் நடக்கிறாள். நீ வாய்க்குச் சொன்ன தையலைப் படித்துக் காட்டினேன். "அண்ணி வரட்டும், அப்போ பாத்துக்கறேன்" என்றாள். சிரிக்கும்போது இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.

கடுகுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது! மார்ச் முதல் வாரம் பஸ். ஆற்றோரம், மேட்டுப் பகுதி என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளும். பிள்ளைகளைத் தொடமாட்டோம் என்று கேட்டில் இருப்பவர்கள் எங்கள் ஆபீஸுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவள் அம்மா ஒரு மஞ்சள் சட்டை வாங்கி வைத்திருக்கிறாள். அளவு தெரியாமல் கையை விரித்து விரித்துக் காட்டிக் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்திவிட்டாள்.

எனக்குக் கிடங்கில் வேலை அதிகம். ஐஸ் பெட்டி கழுவுவது, மருந்து அடுக்குவது, மைப் பேனா எண்ணி வைப்பது எல்லாம் நான்தான். எங்கள் டாக்டரம்மா நேற்று எல்லோர் முன்னாலும், "ஆற்றோரத்துல ஒரு பிள்ளை விடாம குடுத்திருக்காங்க. இப்படி ஒரு வேலையை நான் பாத்ததில்லை" என்றார். அந்த அம்மா என் அக்கா என்று சொன்னேன். கை தட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

உன் தம்பி

---

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் உள்படச் சுகம்.

இப்போதெல்லாம் கேட்டில் இருக்கும் ஐயாமார்கள் மருந்து கொண்டுவரும் லாரிக்காரரின் பையைத் திறந்து கடிதங்களைப் படித்த பிறகுதான் விடுகிறார்கள். ஆகையால் இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். சாப்பிட்டீர்களா? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

கடுகுக்குக் காய்ச்சல், அதனால் பஸ்ஸில் அனுப்பவில்லை. அடுத்த பஸ்ஸில் பார்ப்போம். அவசரம் ஒன்றும் இல்லை.

உன் வீட்டுக்காரியிடம் ஒன்று கேட்டு எழுது. சின்னப் பிள்ளைகளுக்கு நகம் சீக்கிரம் வளர என்ன கொடுக்க வேண்டும்? முட்டை என்கிறாள் ஒருத்தி, பால் என்கிறாள் ஒருத்தி. இரண்டும் இங்கே இல்லை. வேறு ஏதாவது இருந்தால் சொல்லச் சொல். பெண்கள் சமாசாரம், உனக்குப் புரியாது.

உன் அன்பு அக்கா

---

மார்ச் 18

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் அதுவே என்று நினைக்கிறேன்.

பஸ் வந்த அன்று விடியற்காலையிலேயே போய் நின்றோம். அவள் இன்னும் அதிக நேரம் நிற்கக் கூடாது. சொன்னால் கேட்கவில்லை, மஞ்சள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேட்டுப் பகுதிப் பிள்ளைகள் இறங்கினார்கள். பின் சீட்டெல்லாம் காலி. கடுகு இல்லை.

காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாய். லாரிக்காரரிடம் கேட்டேன். "காய்ச்சலா? நான் பாக்கறப்போ குட்டைக்கரையில தவளைக்குப் பாட்டு சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவசரம் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறாய். யாருக்கு அவசரம் இல்லை?

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணிக்குப் பிள்ளை இல்லை. நம்ம பிள்ளை கையில இருக்கு. எப்படி மனசு வரும்?" நான் அவளைத் திட்டினேன். ஆனால் ராத்திரி படுத்தபோது எனக்கும் அதே நினைப்பு வந்தது. நகம் வளர மருந்து கேட்கும் நேரமா இது அக்கா? எல்லாவற்றிலும் உனக்கு விளையாட்டு. தயவு செய்து அடுத்த பஸ்ஸில் என் மகளை அனுப்பு.

தம்பி

---

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

இது ஐஸ் பெட்டியின் அடியில் வருகிறது. காலிப் பெட்டிகளைக் கேட்டில் யாரும் தொடுவதில்லை. நோய்ப்பெட்டி என்று எட்டி நிற்கிறார்கள். பெட்டி கழுவுகிறவன் நீதானே, உன் கையில்தான் கிடைக்கும். கிடைத்ததும் உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் உன் வீட்டுக்காரிக்கு: நீ சொன்னதில் தப்பில்லை அம்மா. கடுகைத் திருடிக்கொண்டு ஓடிவிடலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. இப்போது அனுப்பாதது அதற்காக இல்லை.

அவர்கள் மையைப் பார்க்கிறார்கள், தம்பி.

நமக்கும் மேட்டுப் பகுதிக்காரர்களுக்கும் ஒரே மூக்கு, ஒரே நிறம், ஒரே பேச்சு. பெரியவர்கள் அடையாள அட்டையை எரித்துவிட்டால் யார் எந்தப் பக்கம் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பஸ்ஸில் கலந்து உட்கார்ந்த பிள்ளைகளில் நம் பிள்ளை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இவ்வளவு நாள் கண்டுபிடிக்க முடியவில்லை. நோய் வந்தது ஆற்றோரத்தில் மட்டும். மருந்து வந்தது ஆற்றோரத்துக்கு மட்டும். மை இருப்பதும் ஆற்றோரத்துப் பிள்ளைகள் விரலில் மட்டும்.

பஸ்ஸில் ஏறி, "பாப்பா, கை காட்டு" என்கிறார்கள். அவ்வளவுதான். மை இருந்தால், "தொத்து நோய், தனியா வச்சுப் பாக்கணும்" என்று இறக்குகிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன்கூட நிற்கிறானாம். கூட வந்தவர்களையும் சேர்த்துச் செங்கல் சூளைக்குப் பின்னால் கூட்டிப்போகிறார்கள். பஸ்ஸைக் கிளம்பச் சொல்கிறார்கள். நீ பார்த்தாயே, காலி சீட்டு.

இதை எனக்குச் சொன்னது நம் தெருத் தையல்காரி. புருஷனும் பிள்ளையும் ஆண்கள் பக்கம், இவள் பெண்கள் பக்கம். பிள்ளை கையைக் காட்டியது, புருஷனையும் இறக்கினார்கள். இவள் மடியில் பிள்ளை இல்லை, கையில் அட்டை இல்லை. "உக்காரும்மா, பஸ் கிளம்பப் போகுது" என்று மரியாதையாகச் சொன்னார்களாம். திருப்பத்தில் இறங்கி, வயல் வழியாகச் சூளைக்குப் போனாள். என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நேராக என்னிடம் வந்தாள். நான் வழக்கம் போல, "என்னடி, பஸ் டிக்கெட் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் இடது கையை நீட்டினாள்.

"எனக்கும் வச்சு விடுங்கக்கா" என்றாள். "மை இல்லாததாலதானே என்னை விட்டுட்டாங்க."

தம்பி, நான் நாற்பத்தெட்டு வருஷமாகப் பேசிக்கொண்டே இருப்பவள். செத்த வீட்டில்கூட ஒரு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். அன்றைக்கு வாய் திறந்தபடி நின்றேன்.

இப்போது தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. ஒருத்தி செங்கல்லால் தேய்த்தாள். ஒருத்தி வெளுப்புத் தூளில் ஊறவைத்தாள், விரல் வெந்துபோனது. ஒருத்தி நகத்தையே பிடுங்கிவிட்டாள். அந்தப் பிள்ளை கத்தியது ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். ஒன்றும் பிரயோஜனமில்லை. சுண்டுவிரலில் கட்டு இருந்தாலும் இறக்குகிறார்கள். நகம் தானாக வளர்ந்து மை வெளியே வரவேண்டும். வேறு வழியே இல்லை. அதனால்தான் கேட்டேன், நகம் வளர என்ன கொடுப்பது என்று. தினமும் காலையில் கடுகின் விரலைத்தான் முதலில் பார்க்கிறேன். அடிப்பாதி வெள்ளையாகிவிட்டது, மேல்பாதி இன்னும் ஊதா. நகம் முழுக்க இழுத்தவள் நான்.

உங்கள் டாக்டரம்மாவிடம் சொல். மேட்டுப் பகுதிப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கொடுத்து மை வைக்கச் சொல். எல்லாப் பிள்ளைக்கும் மை இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விடும். சீக்கிரம் சொல்.

உன் அக்கா

---

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இதையும் மருந்துப் பெட்டியில் ஐஸுக்கு அடியில் வைத்துத்தான் அனுப்புகிறேன். உன் காலைத் தொட்டுக்கொண்டு எழுதுவதாக நினைத்துக்கொள். உட்காரச் சொன்னாய். நின்றுகொண்டு படித்துவிட்டேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, கிடங்கெல்லாம் தண்ணீர். அந்த மைப் பேனாக்களை எண்ணி, இரண்டு அதிகமாகவே வைத்து அனுப்பியவன் நான்.

அவளிடம் படித்துக் காட்டினேன். மஞ்சள் சட்டையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். பிறகு, "அண்ணிக்கு எழுதுங்க, நான் சொன்னதை நான் சொல்லலைன்னு எழுதுங்க" என்றாள்.

டாக்டரம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போடவேயில்லை. நீ சொன்னபடி அன்றைக்கே மேட்டுப் பகுதிக்கு மருந்து அனுப்பக் கேட்டார். "எங்க பிள்ளைங்களுக்கு அந்த நோய் கிடையாது" என்று அங்கிருந்து பதில் வந்துவிட்டது.

இங்கே ஆபீஸில் ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது அக்கா. இனப்படுகொலை என்ற வார்த்தை. கூட்டத்தில் யாராவது அதன் பக்கத்தில் வந்தால்கூட வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். சொன்னால் லாரியை விடமாட்டார்கள், மருந்து போகாது. சொல்லாதவரை மருந்து போகும். இத்தனை நாள் அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். "நான் இதை வெளியில சொல்லப் போறேன். சொன்ன அன்னைக்கே கேட்டை மூடிடுவாங்க. ரெண்டாவது சுற்று மருந்து போகாது. பஸ்ஸும் போகாது. சொல்லாம இருந்தா பஸ் போகும். ஒவ்வொரு பஸ்லயும் பிள்ளைங்களை இறக்குவாங்க."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க பொண்ணு உள்ளதானே இருக்கா? அவ வெளிய வர்ற வரைக்கும் நான் பேசாம இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியலை."

அதற்குள் லோடு வந்துவிட்டது, இறக்கப் போய்விட்டேன்.

இங்கே இரண்டு நாளாக மழை. வேறு விசேஷம் இல்லை. கடுகின் விரல் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் தம்பி

---

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடு இருக்கிறோம், சாப்பிடுகிறோம், சண்டை போடுகிறோம். உன் வீட்டுக்காரிக்கு, அவள் சொல்லாததை நான் கேட்கவேயில்லை என்று சொல்.

டாக்டரம்மா கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை. லோடு இறக்கப் போனானாம்! சின்ன வயதில் தட்டை உடைத்தாலும் இப்படித்தான், கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாய். எனக்குப் புரிந்துவிட்டதடா. உன் டாக்டரம்மா இன்னும் வாய் திறக்கவில்லை என்பது இங்கே எங்களுக்குத் தெரியாதா? நீ கடிதம் எழுதிய பிறகு ஒரு பஸ் போனது. அதில் நம் ஆட்களும் ஏறினார்கள். ஏறாதீர்கள் என்று மன்றாடினேன். "இங்க இருந்தா மட்டும்?" என்று கேட்டார்கள்.

உன்னைத் திட்டமாட்டேன். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னும் ஒரு பிள்ளைக்குக் கால் விழுந்துவிட்டது. இரண்டாவது சுற்று மருந்தோடு நான் தெருவில் இறங்கினால் கதவெல்லாம் சாத்திக்கொள்கிறது. நான் வைத்துப் பழக்கிய பெயர், சொட்டு மருந்து அக்கா. இப்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை உள்ளே ஓடச் சொல்கிறார்கள். நர்ஸம்மாவிடம் கேட்டேன்: "ஒரு பிள்ளை ரெண்டு தடவை குடிச்சிட்டா என்னம்மா ஆகும்?" அவர், "ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகாதாம், தம்பி. அப்படியானால் அந்த மை பிள்ளைக்காக இல்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று ஆபீஸ் சொல்வதற்காக. மைப் பேனாவை எல்லாம் அம்மாக்கள் பார்க்கவே குட்டையில் எறிந்தேன். அதற்குப் பிறகு இரண்டு கதவு திறந்தது.

இனி நான் முடிவு செய்ததைக் கேள். கடுகின் நகத்தில் மை நுனிக்கு வந்துவிட்டது. ஒரு நூல் அளவு சதையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஒரு மாதம் விட்டால் சுத்தமாகப் போய்விடும். ஆனால் அந்த ஒரு மாதமும் உன் டாக்டரம்மா என் பெண்ணுக்காக வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பிள்ளைக்காக ஒரு பஸ், இரண்டு பஸ் என்று போய்க்கொண்டிருக்கும். அது எனக்கு வேண்டாம்.

அடுத்த பஸ்ஸில் அனுப்புகிறேன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவேன், கொஞ்சம் ரத்தம் வரும், நான்கு நாள் முன்னதாகவே வெட்டினால் ஆறிவிடும். பத்து விரலையும் அதே மாதிரி வெட்டிவிடுவேன். ஒன்றை மட்டும் வெட்டினால் அதுவே மை வைத்த மாதிரி. தையல்காரி கூட்டிவருவாள். கேட்டதற்கு, சரி என்றுகூடச் சொல்லவில்லை, வந்து கடுகு பக்கத்தில் உட்கார்ந்தாள். கடுகுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். யார் வந்து நின்றாலும் கையை நீட்டு, மறைக்காதே, அவர்கள் கேட்கும் முன்னால் நீட்டு, சிரி. நான்தான் கேட்டுக்காரன், அவள்தான் பயணி. நான் மீசை வரைந்துகொண்டு நடித்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். தையல்காரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

வந்து சேர்ந்தால் டாக்டரம்மாவிடம் பேசச் சொல். வந்து சேராவிட்டாலும் பேசச் சொல்.

உன் அக்கா

---

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டாள். உன் கடுகு வந்துவிட்டாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

தையல்காரம்மா சொன்னதை எழுதுகிறேன். கேட்டில் ஒருவன் ஏறினான். நம் வயதுதான் இருக்கும், வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவன் முகம். கடுகு அவன் கேட்கும் முன்பே கையை நீட்டிவிட்டாள். அவன் சுண்டுவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு, "பல்லு விழுந்துருச்சா பட்டு? எலி தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளினான். கடுகு சிரித்தாள். முன் சீட்டில் ஒரு பையன், இவள் வயது. "வாடா ராஜா, எறங்கு" என்று அவனையும் அதே குரலில்தான் சொன்னானாம். கன்னம் கிள்ளிய அதே கையால் தூக்கி இறக்கினானாம். பையன் ஜன்னலுக்குக் கீழே நின்று கடுகுக்கு டாட்டா காட்டியிருக்கிறான்.

தையல்காரம்மா மாடி வரைக்கும் அவள் கையை விடவில்லை. கதவு திறந்ததும் விட்டார். சாப்பிடச் சொன்னோம், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, கடுகு எல்லோருக்கும் கையை நீட்டுகிறாள். அவள் அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். கடுகு நின்ற இடத்தில் நின்று இடது கையை நீட்டிச் சிரித்தாள். பால்காரர் வந்தால் நீட்டுகிறாள். வாடகை கேட்க வீட்டுக்காரர் வந்தால் நீட்டுகிறாள். நான் குளித்துவிட்டு வெளியே வந்தால் எனக்கும் நீட்டுகிறாள். "வேண்டாம்டா கண்ணு, இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னால் இன்னும் பெரிதாகச் சிரித்து இன்னும் நன்றாக நீட்டுகிறாள். அவள் அம்மா பொறுக்க முடியாமல் நேற்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். குழந்தை நடுங்கிப்போய்விட்டது. இப்போது இரண்டு பேரையும் பார்க்க மனசு தாங்கவில்லை. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா பார்க்க வந்தார். அவருக்கும் நீட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்து அந்தச் சின்ன விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் எல்லா நிருபர்களையும் கூப்பிட்டு, மை, சூளை, பஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையையும் சொன்னார். சாயங்காலமே எங்கள் ஆபீஸை மூட உத்தரவு வந்துவிட்டது. நாளைக்குக் கடைசி லாரி, அங்கே இருக்கும் எங்கள் சாமான்களை எடுக்க. அதில்தான் இது வருகிறது. அந்த லாரியில் ஏறிவிடு அக்கா. லாரிக்காரர் சரி என்று சொல்லிவிட்டார். பெட்டிகளுக்கு நடுவில் இடம் வைத்திருப்பார். உன் காலில் விழுகிறேன், ஏறிவிடு.

நீ எழுதியது சரி. நான் லோடு இறக்கப் போகவில்லை. கடுகு வரும் வரை பேச வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

உன் தம்பி

---

ஜூன் 17

அன்புத் தம்பிக்கும், தம்பி பொண்டாட்டிக்கும், கடுகு மகாராணிக்கும்,

அக்கா எழுதுவது. இதைக் கொண்டுவருபவர் நடந்து வருகிறார். முதலில் அவருக்குச் சோறு போடு, பிறகு கடிதத்தைப் பிரி.

லாரியில் இடம் வைத்திருந்தார் பாவம். பெட்டிகளை நகர்த்தி மெத்தை மாதிரி சாக்கு விரித்து, "ஏறுங்கக்கா" என்றார். அந்த இடத்தில் என் பின்பக்கம் மட்டும்தான் அடங்கும், மற்றதைத் தனி லாரியில் ஏற்ற வேண்டும் என்றேன். சிரிக்காமல் நின்றார். சலவைக்காரர் மகனைத் தூக்கி அந்தச் சாக்கில் படுக்கவைத்தேன். நடக்க முடியாத பிள்ளை, பெட்டிகளுக்குக் கீழே அசையாமல் கிடப்பான் அல்லவா? அவன் வந்து சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள்.

இங்கே என் கையால் மை வைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள் தம்பி. சில பிள்ளைகளுக்கு நகம் சீக்கிரம் வளர்கிறது, சோறில்லாத பிள்ளைகளுக்கு வளர்வதே இல்லை. எல்லா விரலும் சுத்தமாகிற வரைக்கும் நான் எங்கே வருவது?

டாக்டரம்மா பேசியதை ரேடியோவில் கேட்டோம். தெருவே ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றது. அந்த வார்த்தை வந்தபோது யாரும் அழவில்லை. எங்களுக்கு நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டு, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு கேட்டை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை. மிச்சம் இருந்த மருந்தை ஐஸ் உருகும் முன்னால் கொடுத்து முடித்தேன். கடைசி நாள் கதவெல்லாம் திறந்திருந்தது.

இனி நீ கேட்டதற்கு. கடுகு கையை நீட்டினால் தட்டாதீர்கள். வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். நான் சொல்லிக் கொடுத்த வித்தை, உயிர் பிழைக்க வைத்த வித்தை, அதை வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? அவள் நீட்டும்போது அந்தக் கையில் ஏதாவது வையுங்கள். ஒரு மிட்டாய், ஒரு கூழாங்கல், ஒரு பொத்தான், எது கிடைத்தாலும். ஒன்றுமே இல்லாவிட்டால் உன் கையை வை. பால்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை, டாக்டரம்மாவிடமும் சொல். ஒவ்வொரு தடவையும் வைக்க வேண்டும், ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. கையை நீட்டினால் யாரோ ஏதோ கொடுப்பார்கள் என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றும். அன்றைக்கு அவளே இன்னொரு கையையும் சேர்த்து நீட்டுவாள்.

அந்த நாள் வந்தால் எனக்கு எழுது.

அக்கா